கோலும் குழியும் காணியும்: கணக்கதிகாரத்தின் விகிதக் கல்வி பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

விகிதமும் விகிதசமனும் பாடசாலைக் கணிதத்தின் ஓர் அலகு. தமிழாராய்ச்சி ஏட்டில் அதற்கு என்ன இடம் என வாசகர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. ஆயின், அளவையையும் விகிதத்தையும் கற்பிப்பதற்கெனத் தமிழில் எழுந்த நூல்கள் பாவடிவில் அமைந்தவை. இலக்கண நூல்களைப் போலவே ஏட்டிலும் நாவிலும் வாழ்ந்தவை. உரையும் எடுத்துக்காட்டும் பெற்றவை. அவற்றைக் கணித வரலாற்றாசிரியர் சிலர் நோக்கியுள்ள அளவுக்கேனும் இலக்கியத் திறனாய்வாளர் நோக்கினாரல்லர். நூலொன்று எவ்வர்க்கத்தின் தேவையிலிருந்து எழுந்தது, எவரை முன்னிலைப்படுத்துகின்றது, எவரைப் பற்றி மௌனம் சாதிக்கின்றது என்னும் வினாக்கள் காப்பியத்துக்கும் நாவலுக்கும் மட்டும் உரியனவல்ல. கணக்கு நூலுக்கும் அவை பொருந்தும்.

இவ்வகை நூல்களுள் பெரிதும் பெயர்பெற்றது காரிநாயனார் இயற்றியதாக வழங்கும் கணக்கதிகாரமாகும். ஆசிரியர் சோழநாட்டுக் கொறுக்கையூரினர் எனக் கூறப்படுவர். அவர் காலம் பற்றி அறிஞரிடையே ஒத்த கருத்தில்லை. நூலும் ஒரே வடிவினதன்று; பல சுவடிகளில், பாடல்கள் கூடியும் குறைந்தும் உரை வேறுபட்டும் காணப்படுகின்றது. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1998இல் வெளியிட்ட தொகுப்புப் பதிப்பு இப்பன்மையை நன்கு புலப்படுத்தும். நிலவழி, பொன்வழி, நெல்வழி, அரிசிவழி, கல்வழி, பொதுவழி முதலாக இதன் பகுப்புகள் அமையும். இப்பெயர்களை நோக்கிய மாத்திரத்தே ஓருண்மை தெளிவாகும். எண்களின் பண்புகளைக் கொண்டு நூல் வகுக்கப்படவில்லை. அளக்கப்படும் பொருள்களைக் கொண்டே வகுக்கப்பட்டுள்ளது. வயலிலும் களத்திலும் கடையிலும் நிகழ்ந்த அளத்தற் செயலே நூலின் அடித்தளமாம்.

இந்நூல் பற்றி இன்று இருவகை மனப்பாங்குகள் நிலவுகின்றன. முதலாவது, பழம்பெருமை பேசுவோரது. பலாப்பழத்தின் காம்பைச் சூழவுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் தொகை கிடைக்கும் எனக் கூறும் பாடலை இவர்கள் மேடைதோறும் எடுத்துக்காட்டுவர். நம் முன்னோர் அறியாததொன்றில்லை என்பது இவர்தம் முடிபு. இரண்டாவது, நவீனக் கல்வியாளர் சிலரது. பொருளுணராது மனனஞ் செய்யும் பழைய முறையின் எச்சமாக மட்டுமே இந்நூல்களைக் கண்டு, வகுப்பறைக்கு வெளியே கோலும் கயிறும் கொண்டு அளந்து கற்கும் முறையைப் புத்தம் புதியதாக இவர்கள் முன்வைப்பர். முதற் சாரார் நூலை வழிபடுகின்றனர். இரண்டாஞ் சாரார் அதனைப் புறக்கணிக்கின்றனர். எனினும் இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். நூலை, அது பிறந்த உழைப்பிலிருந்தும் அவ்வுழைப்பை ஒழுங்குபடுத்திய சமூக உறவுகளிலிருந்தும் பிரித்தே அவர்கள் நோக்குகின்றனர்.

இக்கட்டுரை இவ்விரு நோக்குகளிலிருந்தும் விலக முயல்கின்றது. கணக்கதிகாரம் போன்ற நூல்களில் விகிதம் என்பது முதன்மையாகப் பங்கு ஆகும். விளைந்ததில் யாருக்கு எவ்வளவு என்னும் வினாவிலிருந்தே அது பிறக்கின்றது. வெளியில் அளந்து கற்பிக்கும் இன்றைய முறை இவ்வினாவை விட்டுவிட்டுக் கோலை மட்டும் எடுத்துக்கொள்ளுமாயின், அது பழைய கல்வியைக் காட்டிலும் முற்போக்கானதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

2

முதலிற் சொற்களை நோக்குவோம். தமிழிற் பின்னங்களுக்கு வழங்கிய பெயர்களுள் மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. நிலவளவையிலோ மா என்பது ஒரு வேலியின் இருபதில் ஒரு பங்கான நிலம்; தஞ்சைப் பகுதி வழக்கில் அது 100 குழி கொண்டது. காணி என்பது நிலத்தின் மீதான பரம்பரை உரிமையையும் குறித்தது. அவ்வுரிமை உடையோர் காணியாளர் எனப்பட்டனர். இன்று இலங்கைத் தமிழரிடையே நிலத்துக்கான பொதுச்சொல்லே காணி என்பதாம். காணி உறுதி, காணி வழக்கு, காணிக் கந்தோர் என்றெல்லாம் நாள்தோறும் வழங்குகின்றோம். பின்னப்பெயர் முந்தியதா நிலப்பெயர் முந்தியதா என்னும் சொற்பிறப்பு வினா ஒருபுறமிருக்க, பிரித்தலைக் குறிக்கும் சொல்லும் உடைமையைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாய் நின்றமை தற்செயலன்று எனலாம். பின்னத்தைக் கற்ற பிள்ளை, நிலம் பங்கிடப்பட்டிருந்த முறையையும் அச்சொல்லோடு சேர்த்தே கற்றது.

விகிதத்தைச் சுட்டும் மற்றொரு வழக்கு சோழர் கல்வெட்டுகளிற் பயில்கின்றது. கோயிலில் அமுதுபடிக்கு வேண்டிய அரிசிக்கு நெல் கணக்கிடுகையில் ஐஞ்சிரண்டு வண்ணத்தால் எனக் கல்வெட்டுக் கூறும். ஐந்து அளவு நெல்லுக்கு இரண்டு அளவு அரிசி என்பது பொருள். 5:2 என்று இன்று கரும்பலகையில் எழுதும் விகிதத்தை இத்துணைச் சுருக்கமாகவும் செறிவாகவும் சொல்லும் தொடர் தமிழில் இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. ஆயின் திறனாய்வாளன் இவ்வியப்போடு நின்றுவிடலாகாது. நெல் அரிசியாக மாறுவது எண்களினால் அன்று. உரலும் உலக்கையும் கொண்டு, பெரும்பாலும் பெண்களின் கைகளால். குத்துதலிலும் புடைத்தலிலும் கழியும் உமியும் தவிடும் எவ்வளவு என்பதை நாள்தோறும் கண்டறிந்தவர் அப்பெண்களே. அவர்தம் அனுபவத்தின் திரண்ட வடிவமே அவ்விகிதம். கல்வெட்டு இரண்டு எண்களைத் தருகின்றது. உலக்கை பிடித்தவளைத் தரவில்லை.

இவ்விடத்தே கணக்கதிகாரத்தின் நடையைப் பற்றியும் ஒன்று கூறல் தகும். இதன் பாடல்கள் சிலவற்றில், செய்யுளிலக்கண நூல்களிற் போன்றே, மகடூஉ முன்னிலை பயில்கின்றது. கண்ணழகும் நுதலழகும் உடைய ஒருத்தியை விளித்துக் கணக்கு உரைக்கப்படுகின்றது. செய்யுள் மரபு என இதனை எளிதிற் கடந்துவிடலாம். ஆயின் விளிக்கப்படும் இப்பெண் கணக்குக் கற்பவளல்லள். ஓசைக்கும் எதுகைக்கும் உதவும் அணியே அவள். உரலடியில் நின்று நெல்லுக்கும் அரிசிக்குமுள்ள விகிதத்தை உண்மையாகவே அறிந்திருந்த பெண்ணோ பாட்டுக்குள் நுழையவில்லை. ஒரே நூல் மரபு ஒரு பெண்ணை அலங்காரமாக உள்ளே அழைத்து, இன்னொரு பெண்ணின் அறிவைப் பெயரின்றி எடுத்துக்கொள்கின்றது. வடிவம் பற்றிய ஆய்வு சமூகம் பற்றிய ஆய்வாக மாறும் இடம் இதுவே.

பாவடிவத்தின் பயன் யாதெனில், அது நினைவின் கருவி என்பதாகும். வயல்வரம்பிலும் நெற்களத்திலும் ஏட்டை விரித்துப் பார்த்தல் இயலாது. நாவில் நின்ற விதியே உடன் உதவும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியின் வாய்பாடுகளோடு குழிமாற்றும் மனனஞ் செய்யப்பட்டது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிக் குழி காண்பதற்கான வாய்பாடு அது. து. செந்தில் பாபு கணிதமும் சமூகமும் என்ற பொருள்படும் தலைப்பில் 2022இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு நூல், திண்ணைப் பள்ளியின் நினைவுப் பயிற்சியை வெறும் கிளிப்பிள்ளைப் பாடமெனத் தள்ளிவிடலாகாது எனவும், கணக்கர், வணிகர், கைவினைஞர், வயலில் அளந்தோர் ஆகியோரது செயலறிவோடு வைத்தே கணக்கு நூல்களைப் படித்தல் வேண்டும் எனவும் வற்புறுத்துகின்றது. அந்நூல் திறந்த வழியிலேயே இக்கட்டுரையும் நடக்கின்றது. செந்தில் பாபு வரலாற்றாசிரியராக ஆவணங்களிலிருந்து தொடங்குகின்றார். நாம் நூலின் மொழியிலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் தொடங்குகின்றோம்.

3

நிலவழிக் கணக்கைச் சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளர் தமிழ்ச் சிறப்பு மாணவர்க்குக் கற்பிக்க நேர்ந்தது. கோலின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபட்டது. பன்னிருசாண் கோல், பதினாறுசாண் கோல் என இரண்டும் கல்வெட்டுகளில் வருகின்றன. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய சதுரமே ஒரு குழி. இவற்றைக் கூறியபின், பதினாறுசாண் கோலால் 900 குழியாகக் கண்ட நிலம் பன்னிருசாண் கோலால் எத்தனை குழியாகும் என வினவினேன். ஏறக்குறைய அனைவரும் 1200 என்றனர். பதினாறுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள விகிதம் 4:3. ஆகவே 900ஐ நான்காற் பெருக்கி மூன்றால் வகுத்தனர். விதியைப் பிழையறப் பிரயோகித்துப் பிழையான விடை கண்டனர். நீளங்களின் விகிதத்தைப் பரப்புக்கு ஏற்றும்போது அது இருமடி விகிதமாக, அதாவது 16:9 ஆக மாறும் எனக் கரும்பலகையில் விளக்கினேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். அடுத்த வகுப்பில் அதே வினாவை வேறெண்களாற் கேட்டபோது மீண்டும் பழைய பிழையே வந்தது. குறை மாணவருடையதன்று, சுண்ணக்கட்டியை நம்பிய ஆசிரியனுடையது.

ஆகவே மறுவாரம் மைதானத்துக்குச் சென்றோம். கமுகஞ்சிலாகையில் இரண்டு கோல்கள் தறித்தல் வேண்டியிருந்தது. அங்கேயே முதற் சிக்கல் எழுந்தது: யாருடைய சாண்? உயர்ந்த மாணவன் ஒருவனது சாணும் சிறிய கையுடைய மாணவி ஒருத்தியின் சாணும் இரண்டு விரலுக்கு மேல் வேறுபட்டன. பதினாறு சாணில் அவ்வேறுபாடு மூன்று சாணுக்கு மேலாகப் பெருகுவதைக் கண்டனர். இறுதியில், விவாதத்தின் பின், ஒரு மாணவியின் சாணைப் பொதுவளவாக ஏற்றனர். அளவு என்பது இயற்கையில் கிடப்பதன்று. யாரோ ஒருவர் முடிவு செய்ய ஏனையோர் ஏற்றுக்கொள்வது அல்லது ஏற்கச் செய்யப்படுவது என்ற பேருண்மையை எந்த விரிவுரையும் இத்துணைத் தெளிவாகக் கூறியிருக்க இயலாது.

பின்னர் நாற்பத்தெட்டுச் சாண் பக்கமுடைய சதுரமொன்றைக் கயிறும் முளையும் கொண்டு வகுத்தோம். பதினாறுசாண் கோல் பக்கத்துக்கு மூன்று முறை வீழ்ந்தது, ஒன்பது குழி. பன்னிருசாண் கோல் நான்கு முறை வீழ்ந்தது, பதினாறு குழி. பன்னிரண்டு என எதிர்பார்த்திருந்தோர் கயிற்றுக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் காலால் மிதித்து எண்ணினர். கோல் நீளவாட்டில் மட்டுமன்றி அகலவாட்டிலும் குறுகியுள்ளது என்பது அப்பொழுதுதான் அவர்க்கு உடலால் விளங்கிற்று. இதன்படி 900 குழி நிலம் 1600 குழியாகும். குழிக்கு ஒரு நாழி நெல் இறை என வைத்துக்கொண்டால், முதற் கோலால் 9 கலம் 4 குறுணி 4 நாழி. இரண்டாம் கோலால் 16 கலம் 8 குறுணி. நிலம் ஓரங்குலமும் வளரவில்லை. மழை கூடுதலாகப் பெய்யவுமில்லை. கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்காரக் குடும்பத்து மாணவன் ஒருவன் கோலைக் கையிற் பிடித்தவாறே சொன்னான்: "சேர், அப்ப கோலைக் குறைச்சவன் நெல்லைக் கூட்டிப்போட்டான்."

இறைவீதமும் உடன் மாற்றப்பட்டால் இச்சுமை ஈடுசெய்யப்படலாம் என்பது உண்மை. எனினும் வீதம் நிற்கக் கோல் குறுகினால் நிகழ்வது அவன் சொன்னதே. விகிதத்தின் கணித உண்மையையும் அதன் வர்க்க உண்மையையும் ஒரே வாக்கியத்தில் அவன் கூறிவிட்டான். வெளிக்கள அளவையின் சிறப்பு இதில்தான் உள்ளது. அடுத்து வந்த தேர்வில் அப்பிழை பெருமளவு மறைந்தது என்பதை இதனோடு ஒப்பிடுகையில் சிறிய பயனாகவே கருதுகின்றேன்.

4

சோழப் பேரரசின் நிலவளவை பற்றிய ஒரு செய்தி பழம்பெருமையாளரால் அடிக்கடி எடுத்தாளப்படுவது. முதலாம் இராசராசன் காலத்தில் 1001ஆம் ஆண்டளவில் நடைபெற்ற அளவையின் விளைவாக, ஒரு வேலியின் 52,428,800,000இல் ஒரு பங்கு வரையும் நிலம் கணக்கிடப்பட்டுக் கல்லில் பொறிக்கப்பட்டது என்பதே அது. எண் உண்மையானது. ஆயின் அதன் பொருளை நிதானித்து நோக்குதல் வேண்டும். பிற்காலத் தஞ்சை வழக்கின்படி ஒரு வேலியை ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவெனக் கொண்டால், இப்பின்னம் குறிக்கும் பரப்பு ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீற்றராகும். ஒரு நெல்மணியின் மேற்பரப்பிலும் அது சிறிது. அதனை எந்தக் கோலும் அளக்கவில்லை, அளந்திருக்கவும் இயலாது. பக்கங்களைப் பின்னங்களாகப் பதிந்து, அவற்றைப் பெருக்கி, மேலும் பிரித்துக்கொண்டே சென்ற கணக்கரின் ஏட்டிலேயே அது பிறந்தது. கோல் நின்ற இடத்துக்கு அப்பாலும் எழுத்தாணி சென்றது.

இதனாற் சோழர்காலக் கணக்கரின் ஆற்றல் குறைந்துவிடாது. பின்னக் கணிதத்தில் அவர்கள் எய்தியிருந்த தேர்ச்சி வியக்கத்தக்கதே. ஆனால் அளவையின் நுட்பம் வேறு, கணக்கின் நுட்பம் வேறு. வயலில் இல்லாத நுட்பத்தை ஏடு தோற்றுவிக்கும்பொழுது, ஏட்டின் சொல் வயலின் சொல்லைவிட உறுதியானதாகத் தோன்றுகின்றது. உழுதவன் தன் கண்ணாலும் காலாலும் அறிந்த நிலத்தைக் குறித்து ஏட்டோடு வாதிட இயலாதவனாகின்றான். அக்காலத்து அளவுகோலொன்று உலகளந்த கோல் எனப் பெயர் பெற்றமையும் இவ்வகையில் நோக்கத்தக்கது. மூவடியால் உலகளந்த திருமாலின் பெயர் இறைநிலம் அளக்கும் கோலுக்குச் சூட்டப்படுகின்றது. கோயிற் சுவர்களில் கோலின் அளவு பொறித்து வைக்கப்பட்டது. ஒருவகையில் அது ஊரவர்க்குப் பாதுகாப்பு; யாவரும் காண நின்ற அளவைத் திருட்டுத்தனமாகக் குறைத்தல் கடினம். மறுவகையில், மனிதர் முடிவு செய்த அளவுக்குத் தெய்வத்தின் அதிகாரம் ஏறுகின்றது. இவ்விரு தன்மைகளையும் ஒருங்கே காண்பதே இயங்கியல் நோக்காகும்.

கோலைப் பிடித்து வயலில் நடந்தவரும் சுவடியில் எழுதியவரும் ஒருவரல்லர் என்பதும் மறக்கலாகாது. கிராமத்தில் அளவுக்கும் நீர்ப்பங்கீட்டுக்கும் களத்துக் காவலுக்கும் உடலுழைப்பை நல்கியோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்தம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமிருக்கவில்லை. பொருளின் எடையையும் பரப்பையும் கையால் அறிந்தவர்க்கு எழுத்து மறுக்கப்பட்டது. எழுத்தை உடையவர்க்குப் பொருளைத் தொடவேண்டிய தேவை குறைந்தது. மூளையுழைப்பும் உடலுழைப்பும் பிரிந்தமை பற்றி மார்க்சியம் கூறுவதற்குத் தமிழ்நாட்டின் நிலவளவை வரலாற்றைக் காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது.

எனினும் உழைத்தோர் எக்காலத்தும் மௌனமாயிருந்தனர் எனக் கொள்வதும் தவறு. விசயநகர ஆட்சிக் காலத்தில், 1429ஆம் ஆண்டளவில், காவிரிப் பகுதியிலும் அதன் வடக்கிலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், வலங்கை 98 இடங்கை 98 எனப்பட்ட சாதிக்குழுவினர் தம்முள் ஒன்றிணைந்து, அரச அதிகாரிகளும் நிலவுடைமையாளரும் சுமத்திய வரிக்கொடுமையை எதிர்த்து, தாம் செலுத்தக்கூடிய வீதங்களைத் தாமே வகுத்துக் கல்லிற் பொறித்தமையைக் கூறுகின்றன. நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். வீதம் என்பது மேலிருந்து இறங்குவதாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. போராட்டத்தின் விளைவாகக் கீழிருந்தும் எழுதப்படலாம் என்பதற்கு இக்கற்கள் சான்று. கணக்கதிகாரம் வீதத்தைத் தரப்பட்ட ஒன்றாகவே கொண்டு கணக்கைத் தொடங்குகின்றது. அவ்வீதம் எவ்வாறு வந்தது என்பதை நூல் கேளாது. இதுவே அதன் வர்க்க எல்லை.

5

பழைய கல்வி ஏட்டுக்குள் அடைபட்டது, புதிய கல்வி வெளியே வருகின்றது என்னும் எளிய எதிர்நிலையை வரலாறு ஏற்பதில்லை. தென்னிந்தியாவில் வெளிக்கள அளவைக்கென நிறுவப்பட்ட நவீனப் பள்ளி 1794இல் கிழக்கிந்தியக் கம்பனியால் சென்னையில் தொடங்கப்பட்டது. அங்கே சிறுவர் சங்கிலியும் கருவியும் ஏந்தி நிலம் அளக்கப் பழகினர். செய்து கற்றல் என்று இன்று நாம் பாராட்டுவதெல்லாம் அங்கே இருந்தது; நோக்கம் ஆட்சிப்பரப்பையும் நிலவருவாயையும் உறுதிசெய்வது. எட்மண்டு குந்தர் என்னும் ஆங்கிலேயர் பதினேழாம் நூற்றாண்டில் வகுத்த சங்கிலி 66 அடி நீளமும் நூறு கண்ணிகளும் உடையது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். விகிதத்தைக் கருவிக்குள்ளேயே அடக்கிவைத்த அருமையான புனைவு அது. அளப்பவன் சிந்திக்கவேண்டியதைச் சங்கிலியே சிந்தித்துவிடுகின்றது. இலங்கையிலும் நில அளவைத் திணைக்களம் 1800இல் நிறுவப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தபோது, பெருந்தோட்டங்களுக்கு நிலம் அளந்து கொடுக்கும் பணி விரைந்தது. சேனைப் பயிரால் தன் நிலத்தை அறிந்திருந்த குடியானவனிடம் சங்கிலிக்குப் பொருத்தமான பத்திரம் இருக்கவில்லை. வெளிக்களம் என்பது தானாகவே விடுதலைக்களம் ஆகிவிடாது.

மறுபுறத்தில், உழைப்பினூடாக விகித அறிவு தழைக்கும் என்பதற்கும் உறுதியான சான்றுகள் உள. பிரேசிலின் ரெசிபே நகரில் தெரேசினா நூனெசு, அனலூசியா சிலீமன், தேவிட் கராகர் ஆகியோர் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், தெருவில் பொருள் விற்ற ஐந்து சிறுவர் விற்பனையின்போது செய்த கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாயிருந்தன. அதே கணக்குகள் பாடசாலைப் பாணியில் வெற்றெண்களாகத் தரப்பட்டபோது 37 மட்டுமே சரியாயின. கட்டடத் தொழிலாளர் மேற்பார்வையாளரிடமும் மீனவரிடமும் அவர்களது ஆய்வு தொடர்ந்தது. படத்திலுள்ள ஒரு சுவரின் நீளத்தையும் அதன் மெய்யான நீளத்தையும் கண்டு, தமக்குப் பழக்கமில்லாத 1:40 போன்ற அளவுத்திட்டங்களையும் பள்ளிப்படிப்புக் குறைந்த மேற்பார்வையாளர் பலர் உய்த்துணர்ந்தனர். பதப்படுத்து முன்னும் பின்னும் மீனுணவின் எடைக்குள்ள விகிதத்தைக் கொண்டு மீனவர் கணக்கிட்டனர். நமது ஐஞ்சிரண்டு வண்ணத்தின் பிரேசில் வடிவமே இது. சிறுவர் தொகை ஐந்தே என்பதையும், வறுமையே அவர்களைத் தெருவுக்கு அனுப்பியது என்பதையும் மறந்து, தெருவே சிறந்த பள்ளி எனக் கொண்டாடிவிடல் ஆகாது. உழைப்பு அறிவைத் தருகின்றது. அவ்வறிவு தன்னையே நோக்கித் திரும்பி, தன் நிலைமையை வினவும் ஆற்றலைப் பெறுவதற்குக் கல்வி வேண்டும்.

6

இன்று வெளிக்கள அளவை என்றதும் ஆசிரியர்க்கு நினைவுக்கு வருவது நிழற்பயிற்சியே. கோலின் நீளத்துக்கும் அதன் நிழலுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு பனையின் உயரத்தைக் காண்பது. பண்டைக் கிரேக்கத் தேலீசு பிரமிட்டின் உயரத்தை இவ்வாறு கண்டார் என்பது தொன்றுதொட்டு வரும் செய்தி. அழகிய பயிற்சிதான், வடிவொப்புமையை இதனிலும் எளிதாகக் காட்டல் அரிது. ஆயின் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பனையின் உயரத்தை அறிவதால் எவரது பங்கும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. பாடநூல்கள் நிழலை விரும்பி நெல்லைத் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். விகிதத்தை எவர்க்கும் இழப்பில்லாத உறவாகவே அறிந்து வளரும் மாணவன், கூலியிலும் வட்டியிலும் குத்தகையிலும் அதே உறவு நிற்பதைக் காணப் பழகுவதில்லை.

ஆகவே நிழலோடு வேறு சில பயிற்சிகளும் சேர்தல் வேண்டும். பலாமுள் விதியை வழிபடாமலும் பழிக்காமலும், பருவகாலத்தில் பத்துப் பழங்களை எடுத்து முள்ளை எண்ணி, அறுத்துச் சுளையை எண்ணி, ஒவ்வொன்றின் விகிதத்தையும் எழுதிப் பார்க்கலாம். பழத்துக்குப் பழம் விகிதம் எவ்வளவு மாறுகின்றது என்பதையும், பழத்தை அறுக்காமலே விலைபேச வேண்டியவர்க்கு இத்தகைய மதிப்பீடு ஏன் தேவைப்பட்டது என்பதையும் மாணவரே ஆராயட்டும். முன்னோரைச் சோதித்துப் பார்ப்பதே அவர்க்குச் செய்யும் மரியாதை. நெல்லைக் குத்தி அளந்து, ஐஞ்சிரண்டு வண்ணம் தம் கையில் என்னவாகின்றது எனக் காணட்டும். குத்தியவரின் நேரத்தையும் அக்கணக்கில் எழுதட்டும். யாழ்ப்பாணத்து மாணவன் தன் வீட்டுக் காணியைப் பரப்பிலும் பேர்ச்சிலும் அளந்து, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதை உறுதியில் உள்ளதோடு ஒப்பிடட்டும்.

மலையகத்துப் பாடசாலையில் இப்பயிற்சி தராசடியில் தொடங்கலாம். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கொழுந்தெடுக்கும் தாய் நாளொன்றுக்கு எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர், எவ்வளவு குறைந்தால் அரைப்பேர் என்பதை அங்குள்ள பிள்ளை எழுத்தறியுமுன்பே அறியும். ஒரு கிலோ குறைந்தமைக்காக அரைநாட் கூலி குறையுமாயின், அங்கே விகிதசமன் முறிகின்றது. உழைப்பு ஒரு விகிதத்தில் குறைய, ஊதியம் வேறொரு விகிதத்தில் குறைகின்றது. விகிதசமன் என்றால் என்ன என்பதை, அது இல்லாத இடத்தைக் காட்டி விளக்குவதற்கு இதனிலும் பொருத்தமான பாடம் நம் நாட்டில் இல்லை. அப்பிள்ளையின் அறிவைப் பாடசாலை அறிவாகவே மதித்தல் வேண்டும்.

கணக்கதிகாரத்தை நாம் இன்று படிக்கவேண்டியது இதற்காகவே. விகிதம் நிலத்திலிருந்தும் நெல்லிலிருந்தும் பிறந்தது என்பதை அது மறைக்கவில்லை. அவ்வகையில் இன்றைய பாடநூல்கள் பலவற்றினும் அது நேர்மையானது. வீதத்தை வகுத்தவர் யார் என்னும் வினாவை அது எழுப்பவில்லை. அவ்வகையில் அது தன் காலத்து உடைமையாளரின் நூலே. தமிழ் கற்பிப்போரும் கணிதம் கற்பிப்போரும் ஒருங்கே மைதானத்துக்கு இறங்கினால், நூல் விட்ட அவ்வினாவை மாணவர் கேட்பர். கோலை அவர் கையிற் கொடுக்கும்போது, அக்கோலைத் தறித்தவர் யார், யாருடைய சாணால் தறித்தார் என்பதையும் கேட்கப் பழக்குதல் ஆசிரியரின் கடமையாகும்.